தனி ஊராட்சி இல்லாத ஊருக்கு வரலாறு எழுதுவது எப்படி: செட்டிநாட்டு உட்கடைக் கிராமங்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளும், அவற்றுக்குள் 79,000-க்கும் மேற்பட்ட குக்கிராமங்களும் உள்ளன. ஓர் ஊராட்சியின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் சராசரியாக ஆறு ஊர்கள் இருக்கின்றன என்பது இதன் பொருள். அந்த ஆறில் ஒன்று தன் பெயரை ஊராட்சிக்குக் கொடுத்துவிடுகிறது. மற்ற ஐந்தையும் வருவாய்த் துறையார் ‘உட்கடை’ என்று எழுதுகிறார்கள். ஊரக வளர்ச்சித் துறையார் ‘குக்கிராமம்’ என்கிறார்கள். அரசு வெளியிடும் பட்டியல்களில் பல இடங்களில் அவற்றின் பெயரே வருவதில்லை. இத்தகைய ஓர் ஊருக்கு வரலாறும் நிலவியலும் எழுத விரும்புபவர், தம் ஊரின் பெயரில் ஓர் ஆவணமும் இல்லை என்று முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடுவது வழக்கம். உண்மையில் ஆவணங்கள் இருக்கின்றன; தாய்க்கிராமத்தின் பெயரிலும், கண்மாயின் பெயரிலும், கோயிலின் பெயரிலும், ஜமீனின் பெயரிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. எந்தப் பெயரில் தேடுவது என்பதை அறிந்துகொள்வதே இந்த வேலையில் பாதி.

செட்டிநாட்டில் இன்னொரு தடையும் உண்டு. இப்பகுதியைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் ஊர்களையும், அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களையும், முகப்பும் வளவும் பட்டாலையும் கொண்ட பெரிய வீடுகளையும் பற்றியவை. நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 இருந்தன என்பது மரபு; இன்று எழுபதுக்குச் சற்று மேற்பட்டவை எஞ்சியுள்ளன. அவற்றைச் சுற்றி, செங்கல் சூளையும் சுண்ணாம்புக் காளவாயும் நடத்திய, நெல்லும் பாலும் கொடுத்த, கட்டட வேலைக்கு ஆள் அனுப்பிய சிற்றூர்கள் எத்தனையோ இருக்கின்றன. பர்மாத் தேக்கைப் பற்றி எழுதியவர்கள் அந்தத் தேக்கு மரத்தைச் சுவரில் ஏற்றியவர்கள் எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார்கள் என்று கேட்கவில்லை. இந்த வழிகாட்டி அந்தச் சிற்றூர்களுக்கானது.

ஊரின் முகவரிகளைத் திரட்டுதல்

ஒரே ஊர் ஒரே நேரத்தில் பல அலுவலகங்களின் எல்லைக்குள் இருக்கிறது. அந்த எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. எனவே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் எந்த வருவாய்க் கிராமத்தில், எந்த உள்வட்டத்தில், எந்த வட்டத்தில் உள்ளது, எந்த ஊராட்சியின் எத்தனையாவது வார்டு, எந்த ஊராட்சி ஒன்றியம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்த அஞ்சலகம், எந்தக் காவல் நிலையம் என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். உள்வட்டத்தைப் பேச்சில் எல்லோரும் பிர்கா என்றே சொல்வார்கள். வருவாய்க் கிராமமும் ஊராட்சியும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே வருவாய்க் கிராமத்தின் உட்கடைகள் இரண்டு ஊராட்சிகளில் இருப்பதும், ஓர் ஊராட்சிக்குள் இரண்டு வருவாய்க் கிராமங்கள் இருப்பதும் உண்டு. காரைக்குடிப் பக்கத்தில் தேடுபவர்களை அலைக்கழிப்பது இன்னொன்று: வட்டத்தின் பெயர் காரைக்குடி, ஆனால் ஊராட்சி ஒன்றியத்தின் பெயர் சாக்கோட்டை. ஒன்றியக் கோப்புகளைக் காரைக்குடி என்ற பெயரில் தேடினால் எதுவும் கிடைக்காது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் அதனுள் சேர்ந்தன. உங்கள் ஊர் அவற்றுள் ஒன்றானால், அதுவரையிலான ஊராட்சிப் பதிவேடுகள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதை உடனே விசாரித்துவிடுவது நல்லது. இடமாற்றத்தின்போது பழைய பதிவேடுகள் காணாமல் போவது எங்கும் நடப்பதுதான்.

இடத்தின் முகவரியைப் போலவே காலத்தின் முகவரியும் வேண்டும். செட்டிநாட்டின் பெரும்பகுதி சேதுபதிகளின் மறவர் சீமைக்குள் இருந்து, 1730 வாக்கில் அது பிரிக்கப்பட்டபோது சிவகங்கைச் சீமைக்குள் வந்தது. மருதிருவர் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பின், ஆங்கிலேயர் அதை நிரந்தரத் தீர்வை செலுத்தும் ஜமீனாக்கினர். மாவட்டத்தைப் பொறுத்தவரை, 1910 வரை மதுரை மாவட்டம், அதன்பின் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம். 1985-இல் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் தனி மாவட்டமாகி, 1997-இல் சிவகங்கை மாவட்டம் என்ற பெயர் வந்தது. இராயவரம், கடியாபட்டி, அரிமளம், பனையப்பட்டி பக்கத்துச் சிற்றூர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்து, 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இணைக்கப்பட்டபோது திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குப் போய், 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வந்தவை. ஆகவே 1930-ஆம் ஆண்டின் ஓர் ஆவணத்தைத் தேடும்போது, உங்கள் ஊர் அன்று ஜமீனில் இருந்ததா சமஸ்தானத்தில் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. எல்லையோரச் சிற்றூர்களில் ஒரு கண்மாயின் கரை ஜமீனிலும், அதன் நீர் பாயும் வயல்களான ஆயக்கட்டு சமஸ்தானத்திலும் இருந்திருக்கக்கூடும். அப்படியானால் இரண்டு பக்கத்திலும் தேட வேண்டும்.

தண்ணீரின் வழியே நிலத்தைப் படித்தல்

நிலவியலை வரலாற்றுக்கு முன்பே எழுதி முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெறும், அதிலும் ஏறத்தாழப் பாதியை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியின் வடகிழக்குப் பருவத்தில் பெறும் நிலத்தில், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத இடத்தில், ஓர் ஊர் ஏன் அந்த இடத்தில் அமர்ந்தது என்பதற்குக் கண்மாயும் ஊருணியும்தான் விடை சொல்லும்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாளிலிருந்து தொடங்கலாம். காரைக்குடியும் கானாடுகாத்தானும் பழைய எண் முறையில் 58 ஜே/16 என்ற தாளில் வருகின்றன; தேவகோட்டை 58 கே/13-இலும் திருப்பத்தூர் 58 ஜே/12-இலும் வருகின்றன. வடக்கு 10 பாகை அட்சக்கோடு காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே ஓடுவதால், அந்த இடைப்பட்ட சிற்றூர்களுக்கு இரண்டு தாள்களை ஒட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். தாளில் உங்கள் ஊரின் பெயர் இல்லாவிட்டாலும் கண்மாய் இருக்கும். அதன் கரை வில் போல் எந்தத் திசையில் வளைந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் நிலத்தின் சரிவு தெரிந்துவிடும். இப்பகுதியின் சரிவு பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக, கடலை நோக்கிப் போகிறது. மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு, விருசுழி, சருகணி ஆறு ஆகியவற்றுள் எதன் வடிநிலத்தில் உங்கள் ஊர் இருக்கிறது என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

தாளைப் படித்தபின் நடக்க வேண்டும். இரண்டு முறை நடப்பது அவசியம்: மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை. கார்த்திகையில் நடந்தால் வரத்துக்கால் எந்தக் காட்டிலிருந்து நீரைக் கொண்டுவருகிறது, எந்த மேல்கண்மாயின் மறுகால் நீர் உங்கள் கண்மாய்க்கு வருகிறது, உங்கள் கலிங்கில் வழியும் நீர் எந்த ஊருக்குப் போகிறது என்பவை கண்ணுக்கே தெரியும். பங்குனியிலோ சித்திரையிலோ நடந்தால் மடைகளின் அடிக்கல், பழைய கரையின் கற்பாவு, உள்வாயில் புதைந்த கிணறுகள் ஆகியவை வெளியே தெரியும். மேலூர், நம்மூர், கீழூர் என மூன்று கண்மாய்களின் வரிசையையேனும் வரைந்துவிட்டால், பிற்காலத்து உறவுகளும் சண்டைகளும் பாதி விளங்கிவிடும். மேல்கண்மாய் நிறைந்தால்தான் கீழ்கண்மாய்க்கு நீர் என்றிருக்கும் ஊர்களில், கலிங்கின் உயரத்தை ஒரு சாண் கூட்டியதற்காக வழக்கு நடந்திருக்கும். அந்த வழக்கின் தீர்ப்பு நகல் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும்.

கண்மாயின் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேற்பட்டதானால் அது நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். குறைந்ததானால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதை இந்த அளவே முடிவு செய்கிறது. உட்கடை ஊர்களின் கண்மாய்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

ஊருணியைத் தனியாக எழுத வேண்டும். கண்மாய் வயலுக்கு, ஊருணி குடிப்பதற்கு என்ற பிரிவினை இங்கே பழமையானது. நகரத்தார் ஊர்களில் கூரையிலும் தெருவிலும் விழும் மழைநீரை வடிகால் வழியே ஊருணிக்குச் சேர்க்கும் ஏற்பாடு திட்டமிட்டே செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் சிற்றூரில் அத்தகைய ஏற்பாடு இருந்ததா, அல்லது வெறும் காட்டு வரத்தை மட்டும் நம்பியிருந்ததா, குளிக்கும் ஊருணியும் குடிக்கும் ஊருணியும் வேறு வேறா, யாருடைய பணத்தில் படித்துறை கட்டப்பட்டது, எந்தத் தெருவார் எந்தத் துறையில் இறங்கினர், யார் இறங்கக் கூடாது என்றிருந்தது என்பவற்றையெல்லாம் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை தயக்கத்தோடுதான் வரும், வராமலும் போகலாம், ஆனால் கேட்காமல் விடக்கூடாது.

மண்ணைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. செம்மண்ணா, செம்புறாங்கல் பாறையா, களரா, கண்மாய்க்குள் மட்டும் வண்டலா என்று சொன்னால் போதும். செம்புறாங்கல் வெட்டிய குழிகள் இருந்தால் அந்தக் கல் எந்த ஊரின் எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று கேட்டுப் பாருங்கள்.

நிலப் பதிவேடுகளில் ஊரைக் கண்டுபிடித்தல்

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேடு, ஏ ரிஜிஸ்டர் என்று எல்லோரும் சொல்வது, இந்த வேலைக்கு மிகப் பெரிய துணை. ஒவ்வொரு புல எண்ணுக்கும் பழைய எண், நஞ்சையா புஞ்சையா என்பது, பாசன ஆதாரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். பலரும் பட்டாதாரர் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்கள். வரலாறு எழுதுபவர் பார்க்க வேண்டியது பாசன ஆதாரமும் குறிப்பும் ஆகும். பாசன ஆதாரத்தில், இன்று ஊரில் யாரும் சொல்லாத ஏந்தலின், அதாவது சிறு கண்மாயின், பெயர் வரும். குறிப்பில், புறம்போக்கு நிலங்களுக்கு நேரே வண்டிப்பாதை, மந்தை, மயானம், களம், ஊருணி, கோயில் என்றிருக்கும். இந்தப் புறம்போக்குகளை மட்டும் ஒரு வரைபடத்தில் நிறமிட்டால் பழைய ஊரின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். இப்போது சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கும் ஒரு தடம், பதிவேட்டில் வண்டிப்பாதை என்று இருந்தால், அது எந்தச் சந்தைக்குப் போனது என்று பெரியவர்களிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைக்கிறது.

நத்தம், அதாவது குடியிருப்புக்கான நிலம், என்று குறிக்கப்பட்ட இடத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தாய்க்கிராமத்தின் நத்தத்திலிருந்து விலகி, உங்கள் ஊருக்கெனத் தனி நத்தம் இருந்தால், நில அளவை நடந்தபோதே அங்கே குடியிருப்பு இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வீடுகள் பட்டா நிலத்தின்மீதோ அரசு வழங்கிய மனைகளின்மீதோ இருந்தால் குடியிருப்பு பிற்காலத்தது.

எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போக முடியும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இன்றைய புல எண்களும் பட்டாக்களும் பெரும்பாலும் 1980-களின் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின் விளைவு; யு.டி.ஆர். என்று கேட்டால் அலுவலகத்தில் உடனே புரிந்துகொள்வார்கள். அதற்கு முந்தைய அடுக்கு, ஜமீன்களை ஒழித்து, உழவரிடமிருந்து அரசே நேரடியாகத் தீர்வை பெறும் ரயத்துவாரி முறைக்கு மாற்றிய 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டத்தைத் தொடர்ந்து நடந்த அளவையும் செட்டில்மென்ட் பதிவேடும் ஆகும். அதற்கும் முந்தைய பத்திரங்களில் புல எண் இருக்காது. பைமாஷ் என்ற பழைய நில அளவையின் எண்ணோ, நான்கு எல்லைகளைச் சொல்லும் மால் விவரமோதான் இருக்கும். அந்த எல்லை விவரங்களைச் சலிப்பில்லாமல் படிக்க வேண்டும். ‘இன்னார் புஞ்சைக்கு மேற்கு, ஊருணி வரத்துக்காலுக்குத் தெற்கு’ என்ற ஒரு வரியில் ஊருணியின் வயதுக்கே ஒரு கீழ் எல்லை கிடைக்கிறது.

1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கணக்குப்பிள்ளைகளிடமிருந்த கணக்குகள் அனைத்தும் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. ஊரிலோ அடுத்த ஊரிலோ பழைய கணக்குப்பிள்ளை குடும்பம் இருந்தால் மரியாதையோடு போய்க் கேட்டுப் பார்க்கலாம். அரசிடமிருந்து பெற வேண்டியதை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் வரம்பு. விண்ணப்பத்தில் ‘எங்கள் ஊரின் வரலாறு வேண்டும்’ என்று எழுதினால் பயன் இல்லை. வருவாய்க் கிராமத்தின் பெயர், பதிவேட்டின் பெயர், புல எண்கள் ஆகியவற்றைக் குறித்துக் கேட்க வேண்டும். இவ்வளவையும் பெற்றபின், இன்றைய பட்டாதாரர்களின் பெயர்களை உங்கள் நூலில் அச்சிடாதீர்கள்.

வீட்டுப் பெட்டியில் உள்ள ஏடுகள்

ஓலை முறிகள், பேரேடுகள், மொய் நோட்டுகள், கோயில் வரவு செலவுக் கணக்குகள் ஆகியவை சிற்றூர்களிலும் உண்டு; நகரத்தார் வீடுகளில் வேலை பார்த்த குடும்பங்களிடம் வியப்பூட்டும் அளவுக்கு இருக்கும். மறுபுறம், நகரத்தார் வீட்டுப் பேரேட்டில் உங்கள் ஊரின் பெயர், கூலி கொடுத்த வரியில் வந்திருக்கும். அனுமதி பெற்று, அங்கேயே கைப்பேசியில் படம் எடுத்து, மூலத்தை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

படிக்கத் தெரிய வேண்டியவை மூன்று. முதலாவது, தமிழ் எண்கள்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இரண்டாவது, குறிகள்: ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். பின்னங்களும் அடிக்கடி வரும். மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று.

மூன்றாவது, அறுபது வருடச் சுழற்சி. ஓர் ஏட்டில் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது ஆண்டு இடைவெளியில் எந்தச் சுற்றிலும் இருக்கலாம். பிரபவ வருடம் 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. எந்தச் சுற்று என்பதைத் தாளின் தன்மை, முத்திரைத்தாளில் உள்ள அரசரின் தலை, நாணயத்தின் பெயர் ஆகியவற்றால் முடிவு செய்யலாம். அணாவும் பைசாவும் கலந்து வந்தால் 1957-இல் தசம நாணயம் வருவதற்கு முந்தையது. வருடம் சித்திரையில் தொடங்குவதால், ஓர் ஏட்டில் பிரபவ வருடம் தை மாதம் என்றிருந்தால் அது 1927 ஆகாது. 1928-இன் ஜனவரி அல்லது பிப்ரவரி. இந்த ஒரு மாதக் கணக்கில் பிழைவிட்ட ஊர்க் குறிப்புகளை நிறையக் காணலாம். பெரியவர்கள் வாயில் இன்னும் வழங்கும் ‘தாது வருடப் பஞ்சம்’ 1876–77-ஐச் சேர்ந்தது. ஊர் மாறி வந்து குடியேறிய கதைகளில் அந்தப் பெயர் அடிபட்டால் அதை விடாமல் பின்தொடர வேண்டும்.

பத்திரப் பதிவைப் பொறுத்தவரை, 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரங்களைப் பெரும்பாலும் இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். அச்சிட்ட துண்டறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள், கோயில் திருப்பணி நோட்டீசுகள் போன்றவற்றுக்குச் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை நாடலாம். அது கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த தொகுப்பிலிருந்து பிறந்தது.

கல்லும் சாமியும்

உட்கடை ஊரில் கல்வெட்டு இருக்க வாய்ப்புக் குறைவு. தாய்க்கிராமத்தின் கோயிலிலோ பக்கத்து மலைக் கோயிலிலோ உள்ள கல்வெட்டில் உங்கள் ஊரின் பழம்பெயர் எல்லையாக வந்திருக்கலாம். பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி வட்டாரக் கல்வெட்டுகளில் கேரளசிங்க வளநாடு என்ற பிரிவின் பெயர் வருகிறது. உங்கள் ஊர் எந்த வளநாட்டில், எந்த நாட்டில் இருந்தது என்று தெரிந்துகொண்டால் கல்வெட்டுத் தொகுதிகளில் தேடுவது எளிது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளின் பாடங்களை 1929-லேயே வெளியிட்டுவிட்டதால் அப்பக்கத்தாருக்கு வேலை குறைவு. திருப்பத்தூருக்கு அருகில் உள்ள மகிபாலன்பட்டி, கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றமாக அடையாளம் காணப்பட்டது, ஒரு சிற்றூரின் பழம்பெயர் கல்லில் தங்கியிருந்ததால்தான்.

மடைக்கல், எல்லைக்கல், சூலம் பொறித்த கல், நடுகல் ஆகியவற்றை நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு மட்டும் துடைத்து, மாலையில் வெயில் சாய்ந்து விழும்போது படம் எடுக்க வேண்டும். சாக்பீசால் எழுத்தின்மேல் வரைவதும், எண்ணெய் பூசுவதும், திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் சுத்தம் செய்வதும் கல்லை அழித்துவிடும். படியெடுப்பதைத் தொல்லியல் துறையினரிடமோ பயிற்சி பெற்றவரிடமோ விட்டுவிடலாம்.

கல் பேசாத இடத்தில் வழிபாடு பேசும். அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பு விழாவில் குதிரை செய்யும் வேளார் எந்த ஊரிலிருந்து வருகிறார், அதற்கு முதலில் எடுத்துக் கொடுக்கும் பிடிமண்ணை யார் கொடுக்கிறார், முதல் மரியாதை யாருக்கு, எந்த உட்கடைக்குத் தனிக் குதிரை உண்டு என்பவற்றை வரிசைப்படுத்தினால், எந்த ஊர் எந்த ஊரிலிருந்து பிரிந்தது என்பது தெரியவரும். குலதெய்வக் கோயில் வேறு ஊரில் இருந்தால், அந்தக் குடும்பம் அங்கிருந்து வந்தது என்ற ஊகத்துக்கு இடமுண்டு. சிராவயல் மஞ்சுவிரட்டு போன்ற பெருந்திருவிழாக்களில் உங்கள் ஊர்க் காளைக்கு என்ன முறை என்பதையும் கேட்கலாம். மரியாதை வரிசை என்பது உரிமைப் போராட்டத்தின் தடமும் ஆகும். கண்டதேவித் தேரோட்டத்தில் உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என்னும் நான்கு நாட்டாரின் உரிமையும், பட்டியல் சாதியினர் வடம்பிடிக்கும் உரிமையும் நீதிமன்றம் வரை சென்றவை. உங்கள் ஊரில் அத்தகைய பிணக்கு நடந்திருந்தால், எந்த ஆண்டில் என்ன முடிவானது என்பதை மட்டும், அடைமொழிகள் இல்லாமல் எழுதினால் போதும்.

பெரியவர்களிடம் கேட்டல்

‘எந்த வருடம்?’ என்று கேட்டால் விடை வராது. எல்லோரும் அறிந்த நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேட்க வேண்டும். காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு ரயில் பாதை வந்தது 1930. காந்தியடிகள் செட்டிநாட்டுக்கு வந்தது 1927 செப்டம்பர். அப்போது சிராவயலில் ஜீவா நடத்திய ஆசிரமத்துக்கும் சென்றார். ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர். தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது 1942 ஆகஸ்ட். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர். ‘அப்பத்தா, புயலடிச்ச வருஷம் உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?’ என்று கேட்டால் அதிலிருந்து பத்துச் செய்திகள் பிறக்கும். உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட செட்டிநாடு விமானத் தளத்தின் ஓடுபாதை வேலைக்கு யார் யார் போனார்கள் என்பது அப்பக்கத்துச் சிற்றூர்களில் கேட்க வேண்டிய கேள்வி. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-இல் கால்கோள் நடந்த மின்வேதியியல் ஆய்வகத்தின் கட்டட வேலை, காரைக்குடியை ஒட்டிய ஊர்களுக்கு அதுபோன்றது.

ஊரில் பிறந்த ஆண்களிடம் மட்டும் கேட்டால் பெருமைதான் கிடைக்கும். வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், தாங்கள் பிறந்த ஊரோடு ஒப்பிட்டு இந்த ஊரை நினைவில் வைத்திருப்பதால், தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடந்தார்கள், எந்த ஆண்டு வரை எந்த ஊருணி நீரைக் குடித்தார்கள், எந்தப் பஞ்சத்தில் எதைச் சமைத்தார்கள் என்பவற்றைத் துல்லியமாகச் சொல்வார்கள். பெண் கொடுக்கல் வாங்கல் எந்த ஊர்களோடு என்ற பட்டியலை வரைபடத்தில் இட்டால், ஊரின் உண்மையான பரப்பு எவ்வளவு என்பது தெரியும். ஆடு மேய்ப்பவர்கள், நீர்ப்பாய்ச்சி, வெட்டியான், வண்ணார், சூளை வேலைக்குப் போனவர்கள் ஆகியோரை விடக்கூடாது. கிறித்தவக் குடும்பங்கள் உள்ள ஊர்களில், சருகணி போன்ற பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், இசுலாமியர் உள்ள ஊர்களில் ஜமாஅத் பதிவேடுகளும், பேச்சில் கிடைக்கும் செய்திக்குத் தேதி கொடுக்கும்.

ஊர் தோன்றிய கதை ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கும். மருது பாண்டியர் இங்கே ஒளிந்திருந்தார், இந்த மரத்தடியில் படை தங்கியது என்ற கதை சிவகங்கைச் சீமையில் ஏராளமான ஊர்களுக்கு உண்டு. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தனர் என்பதும் மரபுச் செய்தியே. இவற்றை மறுக்கவும் வேண்டாம், வரலாறாக எழுதவும் வேண்டாம்; ‘மேலத்தெருவார் இவ்வாறு சொல்கின்றனர், கீழத்தெருவார் இவ்வாறு சொல்கின்றனர்’ என்று எழுதினால் போதுமானது. ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களையும் அவ்வாறே கொள்ள வேண்டும். குடி, பட்டி, வயல், ஏந்தல், ஊருணி, மங்கலம் என்ற பின்னொட்டுகள் நிலத்தைப் பற்றி ஓரளவு நம்பத்தக்க செய்தி தருகின்றன. முன்னொட்டுக்குச் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் பிற்காலத்துக் கற்பனை.

எல்லாத் தெருக்களையும் எழுத வேண்டும். ஊர் என்ற சொல்லுக்குள் தங்கள் தெருவை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் நூல்களிலும் தொடர்கிறது. பட்டியல் சாதியினர் குடியிருப்பு பல இடங்களில் தனிக் குக்கிராமமாகவே பதிவாகியிருக்கும். அதற்கும் தனி நத்தம், தனி மயானம், தனி ஊருணி, தனி வரலாறு உண்டு. அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டிருப்பதால், பழைய பெயரும் புதிய பெயரும் எந்த ஆண்டில் எது வழங்கியது என்ற குறிப்போடு உங்கள் நூலில் இருக்க வேண்டும். இல்லையெனில் நாளை தேடுபவருக்குத் தொடர்பு அறுந்துபோகும்.

எண்கள், எழுத்து, அச்சு

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்தைத்தான் அலகாகக் கொள்கிறது. 2011-இன் எண்ணை எடுத்து உட்கடை ஊரின் மக்கள்தொகை என்று எழுதுவது இணையத்தில் பரவியுள்ள பெரும்பிழை. தாய்க்கிராமத்தின் எண்ணைத் தாய்க்கிராமத்தின் எண் என்றே கொடுத்துவிட்டு, உங்கள் ஊரின் வீடுகளை நீங்களே எண்ணி, பூட்டிய வீடுகளைத் தனியாகக் காட்டி, எண்ணிய மாதத்தையும் ஆண்டையும் எழுதுவதே முறை. அருகில் ‘பேச்சிராக்’ என்று பதிவான ஆளற்ற கிராமம் இருந்தால் அதற்கும் அரைப் பக்கம் ஒதுக்கலாம். அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு விடை உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும்.

எழுதும்போது ‘பழங்காலத்தில்’, ‘முன்னொரு காலத்தில்’ என்ற தொடக்கங்களைத் தவிர்த்து, உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய ஆண்டிலிருந்து தொடங்கலாம். அது 1952-ஆம் ஆண்டின் ஒரு பத்திரமாக இருந்தாலும் குறைவில்லை. ஒவ்வொரு செய்திக்கும் அது பதிவேட்டிலிருந்து வந்ததா, கல்லிலிருந்து வந்ததா, வாய்மொழியா என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். பெரிய வீட்டுக் கதைகளால் பக்கங்களை நிரப்பும் ஆசை வரும். அவ்வீடு உங்கள் ஊரில் இல்லாவிட்டால் இரண்டு வரி போதும். கையால் வரைந்த மூன்று வரைபடங்கள், அதாவது கண்மாய் வரிசை, தெருக்களும் கோயில்களும், பழைய பாதைகள், இருபது ஒளிப்படங்களைவிடப் பயன்படும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் கையெழுத்துப் படியை ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. அங்கே பிற உட்கடை ஊரார் இருப்பார்கள் என்பதால் எல்லைப் பிழைகள் உடனே வெளிப்படும். ஆட்சேபணைகளை அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம். ஆவணம் உள்ள செய்தியை ஆட்சேபணைக்காக நீக்க வேண்டியதில்லை. அச்சான பின் ஊராட்சி அலுவலகம், பள்ளி, அருகிலுள்ள கிளை நூலகம், மாவட்ட மைய நூலகம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படி கொடுத்து, நூலட்டையிலும் கோப்பின் பெயரிலும் ஊர்ப்பெயரோடு வருவாய்க் கிராமம், ஊராட்சி, வட்டம், மாவட்டம் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.